கொக்கு பார்க்க வந்த கண்ணாடி ஐயா

அவரைப் போல அசையாமல் நிற்க யாராலும் முடியாது. ஆற்றோரத்து நாணல் பக்கம் ஒரு தடவை நின்றுவிட்டார் என்றால் அவர் வேட்டிமேல் தட்டான்பூச்சி வந்து உட்காரும். மடையான் கொக்கு அவரை ஏதோ நட்டுவைத்த கட்டை என்று நினைத்துக்கொண்டு காலடியிலேயே மீன் பிடிக்கும். பக்கத்தில் நிற்கிற எனக்குக் கொசு கடிக்கும், கால் மரத்துப்போகும், தும்மல் வரும். அவருக்கு ஒன்றும் வராது. கண் மட்டும் வேலை செய்யும்.

பிள்ளைகளே, இதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று உங்கள் அம்மாவோடு பல நாள் பேச்சு. “குமட்டுற சங்கதியெல்லாம் பிள்ளைங்களுக்கு எதுக்கு?” என்கிறாள். நல்ல மனிதர்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். கெட்டவர்களை ஊரே காட்டிக்கொடுத்துவிடும். இவரைப் போன்றவரை யாராவது சொன்னால்தான் தெரியும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன். எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் நம் ஊரில் பிறந்தவர் இல்லை. சர்வே உத்தியோகத்தில் காடு மலையெல்லாம் அலைந்துவிட்டுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு, மனைவியின் ஊர் என்று ஆரணிக்கு வந்து குடியேறினார். இழுத்தால் நீளுகிற, தள்ளினால் குறுகுகிற பித்தளைத் தூரக்கண்ணாடி ஒன்று வைத்திருந்தார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் ‘கண்ணாடி ஐயா’. சிவந்த மேனி, வெள்ளை வேட்டி, வெள்ளைக் குடை. பேசினால் தேன். தெருநாயைக்கூட “அடே” என்று விரட்ட மாட்டார், “போப்பா” என்பார்.

விடிந்தும் விடியாமலும் புறப்பட்டுவிடுவார். கோட்டை அகழி, அங்கிருந்து ஏரிக்கரை, அப்படியே ஆற்று மணல், வெயில் ஏறுவதற்குள் வீடு. இதுதான் நடை. வெகுதூரம் போக மாட்டார். “தூரத்துல இருக்கறதைப் பாக்கத்தான் கண்ணாடி இருக்குதே” என்பார்.

எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதம். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே இரண்டு காலும் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. வைத்தியர் காலையில் நடக்கச் சொன்னார். சும்மா நடக்க வெட்கமாக இருந்தது. தறிக்காரன் வேலை நேரத்தில் கைவீசி நடந்தால் கேலி பேசுவார்கள். அதனால் ஐயாவின் பின்னால் போனேன். அவருக்கும் பேச்சுக்கு ஆள் வேண்டியிருந்தது.

அந்த முதல் சில வாரங்களில், நான் பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறந்ததிலிருந்து தலைக்குமேல் பறந்துகொண்டிருந்தவற்றை அவர்தான் எனக்குப் பிரித்துக் காட்டினார். பனங்காடை உட்கார்ந்திருக்கும்போது மண்ணாங்கட்டி நிறம், இறக்கையை விரித்தால் நீலப்பட்டு. கரிச்சான் தன்னைவிடப் பெரிய காக்கையைத் தலையில் கொத்திக் கொத்தி ஊர் எல்லை வரைக்கும் துரத்தும். ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டும். பிடிக்கவில்லை என்றால் அவள் போய்விடுவாள், இவன் வேறு கூடு தொடங்குவான். “பாத்தியா, மாமியார் வீட்டுல கெஞ்சற மாப்பிள்ளை மாதிரி” என்று ஐயா என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அப்புறம் ஒரு நாள் சாரைப்பாம்பைப் பார்த்தோம்.

ஏரிக்கரை முள்மரத்தில் தவிட்டுக்குருவி கூடு வைத்திருந்தது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த கூடு. குஞ்சுகளுக்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. பாம்பு மெதுவாக ஏறுகிறது. நான் குனிந்து கல்லை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

“கம்முனு இரு. பாரு.”

“ஐயா, ஒரு கல்லு போட்டா விழுந்துடும்.”

“போட்டா, அப்புறம் என்ன பண்ணும்னு நமக்குத் தெரியாமப் போயிடும்ல?”

பார்த்தோம். ஒவ்வொன்றாக விழுங்கியது. தாய்க்குருவியும் அதன் சொந்தமெல்லாமும் சுற்றிச் சுற்றி வந்து கத்தின. ஐயா தூரக்கண்ணாடியை இறக்கவே இல்லை. எல்லாம் முடிந்தபின் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதிருந்தார். “பாவம், அந்தக் கடைசிக் குஞ்சு வாயைத் திறந்து ஆகாரம் கேட்டுதுப்பா, பாம்புகிட்டயே” என்றார். அன்று மாலைக்குள் அந்தக் கதையைத் தெருவில் குறைந்தது நாலு வீட்டில் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல அழகு கூடிக்கொண்டே போயிற்று. எனக்கு அன்றுதான் முதல்முறையாக அவரோடு நடந்தது பிடிக்காமல் போயிற்று. பெரியவர், படித்தவர், அவருக்குத் தெரியாததா என்று விழுங்கிக்கொண்டேன்.

பால்காரர் பசு செத்தது அதற்குப் பிறகு. ஐயா அன்று தனியாகப் போயிருந்தார். பால்காரர் தெருத்தெருவாக மாட்டைத் தேடிக்கொண்டு சாயங்காலம் எங்கள் பக்கம் வந்தார். கண்ணாடி ஐயா வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், “மயிலைப் பசுதானே? கொம்பு கொஞ்சம் உள்ளே வளைஞ்சது? ஏரிச் சேத்துல மாட்டிகினு இருந்துதேப்பா, காலையிலருந்து. முதல்ல முழங்கால், அப்புறம் வயிறு. நான் வரும்போது கழுத்து வரைக்கும் போயிட்டது. பாவம், கண்ணைப் பாக்க முடியல” என்றார்.

பால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா! நாலு பேரு கயித்தைக் கட்டி இழுத்திருப்போமே!”

“என்னை யாரும் கேக்கலியேப்பா” என்றார் ஐயா.

திமிராகச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். பால்காரர் ஏரியை நோக்கி ஓடினார். ஐயா அவர் ஓடுவதைத் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அம்மா வேண்டாம் என்றது இதைத்தான். வரகுக் கொல்லையில் காடை ஒரு ஜோடி இருந்தது. பெட்டைக்கு இடது கால் லேசாக நொண்டும். சேவல் அதற்காக நின்று நின்று மேயும். ஐயா அதைப் பார்த்து உருகிப்போவார். “மனுஷனுக்கு வருமா இந்தக் குணம்?” என்பார். ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்கு ஒரு சேலை விஷயமாகப் போனேன். கூடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காடை வறுவல். எனக்கும் இலை போடச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். அவர் ஒரு சின்ன எலும்பை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இங்க பாரு. முறிஞ்சு கூடியிருக்குது. இடது கால். அதனாலதான் நொண்டியிருக்குது” என்றார்.

இலைக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். “ஐயா, அந்தக் காடையா?”

“கண்ணி வைக்கறவன் கேட்டான், எந்தக் கொல்லையில இருக்குதுன்னு. சொன்னேன். நானா பிடிச்சேன்? என் ஆயுசுல ஒரு குருவியைத் தொட்டதில்லை நான்.” மறுபடியும் அந்த எலும்பை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு அவரோடு நடக்கப் போகவில்லை. கால் வீக்கமும் வடிந்திருந்தது. அவரைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கினேன்.

இனி நம் தெருவின் புளியமரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் இன்றும் நிற்கின்றனவே, அவைதான். விடியற்காலையில் அந்த நிழலில்தான் தறியில் நெடுக்கு இழையாக ஏற்றும் பட்டுப்பாவு ஒவ்வொன்றையும் நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைப்போம். ஐப்பசி மழை பிடித்தால் வெள்ளைக் கொக்குகள் அந்த மரங்களுக்கே வந்து கூடு கட்டும். கொக்கு எச்சம் பாவின்மேல் விழுந்தால் பட்டு பாழ். வேறு ஊராக இருந்தால் கொக்கை விரட்டியிருப்பார்கள். நம் தெருவில் வழக்கம் வேறு. முதல் கொக்கு சுள்ளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு வந்த அன்றே பாவுகளை எல்லாம் ஆற்று மணலுக்கு மாற்றிவிட வேண்டும். குஞ்சுகள் பறந்து போகிறவரை மரத்தடி கொக்குகளுக்கு. யார் எப்போது ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மரத்தடி மண்ணுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கொக்கு எச்சம் ஊறிய மண் உரத்தில் உசத்தி. அதை அள்ளும் பாத்தியதை தெருவில் ஆண் துணை இல்லாத ஒரு வீட்டுக்கு. அப்போது அது என் அக்காவுக்கு, உங்கள் பெரிய அத்தைக்கு இருந்தது. மாமா காலராவில் போனபின் அவள் என் வீட்டில் வந்து சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள். ஆற்றங்கரையில் சின்னத் துண்டு நிலம். அதில் கத்தரி போட்டாள். வெறும் மணல். கொக்கு மண் விழுந்தால்தான் அது நிலம். அந்த மண்ணால் அவள் கத்தரிக்காய் ஆரணிச் சந்தையில் முதலில் விற்றுப்போகும். யார் கையையும் எதிர்பாராமல் நிமிர்ந்து நடந்தாள்.

எங்கள் தெரு செய்த தப்பு இதுதான். தறிக்காரர்கள் குழியில் உட்கார்ந்து இழையைப் பார்க்கிறவர்கள். வானத்தைப் பார்க்கிற பழக்கம் கிடையாது. ஒரு வருஷம் சுள்ளி வந்ததை யாரும் கவனிக்காமல் இரண்டு பாவு பாழாயிற்று. கண்ணாடி ஐயா சும்மாதானே இருக்கிறார், பறவை மேல் உயிரையே வைத்திருக்கிறாரே என்று தெருப் பெரியதனக்காரர் மரத்தடியில் கட்டில் ஒன்று போடச் செய்து, அவரையே உட்கார வைத்தார். அப்படி அசையாமல் நின்று பார்க்கிற மனிதர் காவல் இல்லாமல் வேறு என்ன செய்வார் என்று நினைத்தோம். நான் காடை எலும்பைப் பற்றிச் சொன்னேன். “நாக்கு ருசிதானேடா, அதுல இன்னா இருக்குது? நீ கோழி தின்றதில்லையா?” என்று சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

ஐயா அடுத்த வருஷம் பிரமாதமாகச் செய்தார். சுள்ளி வந்த அன்று காலையிலேயே சொன்னார், பாவெல்லாம் பிழைத்தது. முட்டை வைத்ததைச் சொன்னார். குஞ்சு பொரித்ததைச் சொன்னார். கூடு வைக்கிற காலத்தில் மட்டும் கொக்கின் முதுகில் மெல்லிய தூவிகள் வளரும். அவிழ்ந்த பட்டு இழைபோலக் காற்றில் ஆடும். பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் கண்ணாடியில் அதை எட்டிப் பார்த்தார்கள். “எப்பா, வாலாஜாபேட்டை ஜரிகை தோத்துது போ!” என்றாள் ஒருத்தி. ஐயாவுக்குப் பெருமை.

தைமாதம் பிறந்தது. காணும் பொங்கல் அன்று நம் தெருவில் ஒரு தறி ஓசையும் இருக்காது. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு பெரியவர் சின்னவர் எல்லோரும் ஆற்று மணலுக்குப் போய்விடுவோம். அந்த வருஷமும் போனோம். பொழுது சாயத் திரும்பினோம்.

தெருமுனைக்கு வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது. அழுகல் நாற்றம் இல்லை. பச்சை இரத்தமும் மீன் கவிச்சையும் கலந்த நாற்றம்.

மரத்தடியில் கொக்குகள் குவிந்து கிடந்தன. முதுகுத் தோலைத் தூவியோடு உரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளை என்று சொல்ல அவற்றில் ஒன்றும் இல்லை. மேலே கூடுகளில் குஞ்சுகள் வாயைத் திறந்து கத்திக்கொண்டே இருந்தன. சில கீழே விழுந்து எறும்பு மொய்த்துக் கிடந்தன, உயிரோடு. ஒரு நாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குழந்தைகளை வீட்டுக்குள் தள்ளினார்கள். என்னோடு நின்ற ஒருவர் தின்ற சோற்றையெல்லாம் வாந்தியெடுத்தார்.

கட்டிலில் கண்ணாடி ஐயா உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார்.

“வாங்கப்பா, வாங்க. என்னத்தைச் சொல்லுவேன். மூங்கில் நுனியில ஆலம்பால் பிசினைத் தடவி, கூட்டுல இருக்கறதை அப்படியே ஒட்டி எடுத்தானுங்க. அதோ, அந்த மூணாவது கிளையில ஒரு தாய். இறக்கை ஒட்டிக்கிச்சு. ஒட்டினதைப் பிச்சுகினு மறுபடி கூட்டுல போய் உட்காருது! என்னா பாசம்! நான் எத்தனையோ காடு பாத்தவன், இப்படி ஒண்ணு பாத்ததில்லை.”

பெரியதனக்காரர் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். “இங்கயேதான் இருந்தீங்களா ஐயா?”

“காலையிலருந்து. அன்னம் தண்ணி இல்லாம.”

“யாருங்க வந்தது?”

“சென்னப்பட்டணத்து ஏஜெண்டு ஆளுங்க. சீமையில துரைசானிங்க தொப்பியில செருகிக்கறாங்களாம், இந்தத் தூவியை. போன வாரமே வந்தானே அந்த ஏஜெண்டு. நல்ல மனுஷன். தங்கியிருந்த சாவடியில நாற்காலி போட்டு உட்கார வச்சு என்கிட்ட விசாரிச்சான். தூவி எப்ப நல்லா முத்தும்னு கேட்டான், சொன்னேன். தெருவுல எப்ப ஆள் இருக்காதுன்னு கேட்டான், சொன்னேன்.”

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்பதற்கு முன்னால்கூடப் பதில் வந்தது.

“ஒரு சத்தம் போட்டிருந்தா நாங்க ஓடி வந்திருப்போமே?” என்றேன் நான்.

“நானாப்பா மரம் ஏறினேன்? ஒரு இறகைத் தொட்டிருப்பேனா? நான் பாக்கறவன்.”

அக்கா கும்பலைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கீழே கிடந்த ஒரு குஞ்சை எடுத்தாள். மயிர் முளைக்காத கழுத்து, பெரிய கண், வயிற்றில் எறும்பு. எறும்பை ஊதித் தட்டினாள். நேராக அவர் முன்னால் போய் அவருடைய இரண்டு கையையும் இழுத்து, அந்தக் குஞ்சை வைத்து மூடினாள்.

“தொடுங்க” என்றாள்.

பயந்தால் கொக்குக்குஞ்சு வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். அதுவும் கக்கியது. பாதி செரித்த மீன், அவர் உள்ளங்கை நிறைய. ஐயா “ஐயோ, சீ!” என்று அலறிக் கையை உதறினார். குஞ்சு கட்டில் சட்டத்தில் மோதிக் கீழே விழுந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தார், துண்டில் துடைத்தார், முகர்ந்து பார்த்தார், மறுபடியும் துடைத்தார். அவர் முகத்தில் நான் முதலும் கடைசியுமாகக் கோபத்தைப் பார்த்தது அப்போதுதான்.

“புத்தி இருக்குதாம்மா உனக்கு? பெரிய மனுஷன்கிட்ட நடந்துக்கற முறையா இது?”

அக்கா அந்தக் குஞ்சை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அன்று இரவே அது செத்தது. மற்றவை அடுத்த சில நாட்களில் மேலேயே கத்திக் கத்தி அடங்கின. காற்று அடிக்கும்போதெல்லாம் பொத்து பொத்தென்று விழும். தெருவில் யாரும் அந்த வாரம் மீன் வாங்கவில்லை. நாங்கள் பாவுகளை அந்த நிழலுக்குத் திருப்பிக் கொண்டுவர வைகாசி ஆயிற்று.

கோயில் வாசலில் தெருக்கூட்டம் போட்டோம். வரச் சொன்னதும் குடையோடு வந்தார், கேட்டதற்கெல்லாம் உண்மையாகப் பதில் சொன்னார். திருடினாரா? இல்லை. காசு வாங்கினாரா? ஒரு வெற்றிலைகூட வாங்கவில்லை. பொய் சொன்னாரா? ஒன்றும் இல்லை. பெரியதனக்காரர் மீசையைத் தடவித் தடவிப் பார்த்தார். என்ன குற்றம் என்று சொல்ல எங்களுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், “கட்டிலைத் திருப்பிக் குடுத்துடுங்க ஐயா” என்றார். அவ்வளவுதான். “தாராளமா” என்றார் ஐயா. மறுநாள் காலை வழக்கம்போல வெள்ளைக் குடையோடு அகழிப் பக்கம் போனார்.

அடுத்த மழைக்குக் கொக்கு வரவில்லை. அக்கா தினமும் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுக் காலிக்கூடையோடு வந்தாள். நிலத்தில் பழைய உரம் தீர்ந்து கத்தரி சுண்டைக்காய் அளவில் காய்த்தது. “வந்து எங்களோட சாப்பிடுக்கா” என்றேன். “நீ குடுப்பே. நான் எத்தனை வருஷம் கையை நீட்டிகினு இருக்கறது?” என்றாள்.

அப்புறம் ஒரு நாள், அக்கரையிலிருந்து கீரை கொண்டுவந்து விற்கிற ஒரு அம்மாள் அவள் காதில் ஒரு சேதி போட்டாள். அவர்கள் ஊர்ச் சின்ன ஏரிக்குள் கருவேல மரங்களில் வெள்ளைக் கொக்கு கூடு வைத்திருக்கிறதாம். எண்ணிக்கை கொஞ்சம்தான். தப்பியவையாக இருக்கும். அக்கா ஆற்றைக் கடந்து போய் அந்த ஊர் மணியக்காரரைக் கண்டு மரத்தடி மண் கேட்டாள். “அள்ளிக்கம்மா. ஊர்ப் பேரை மட்டும் வெளியில சொல்லாதே” என்றார் அவர். அவர்களுக்கும் நம் தெருவில் நடந்தது தெரிந்திருந்தது. என்னிடம்கூட அக்கா ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. இரண்டு மூன்று நடை மண் கொண்டுவந்து போட்டாள். செடி தலை நிமிர்ந்தது.

நான் அவளுக்கு ஏற்றம் இறைக்க ஒத்தாசையாக இருந்த ஒரு காலையில் கண்ணாடி ஐயா வேலிக்கு வெளியே வந்து நின்றார். செடிகளைப் பார்க்கவில்லை. பாத்தி மண்ணைப் பார்த்தார். மூக்கை லேசாக உறிஞ்சினார்.

“மீன்முள்ளு கிடக்குதே மண்ணுல. இது இந்த வருஷத்து எச்சம்மா. எங்க இருக்குது?”

“போன வருஷத்துதுங்க. மூட்டை கட்டி வச்சிருந்தேன்” என்றாள் அக்கா.

“இல்லியே” என்றார் சிரித்துக்கொண்டே. “நானும் பாத்துகினுதான் இருக்கேன். வாயில மீனோட கொக்கு ஒண்ணு ரெண்டு ஆத்தைத் தாண்டி வடக்க போவுது. குஞ்சு இல்லாம ஏன் தூக்கிகினு போவணும்? எந்த ஏரின்னுதான் புரியல. நீ எந்தப் பக்கம் போய் அள்ளறேன்னு பாத்தா தெரிஞ்சுடும்.” மிரட்டிச் சொல்லவில்லை. கணக்கு விடை வந்துவிட்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொன்னார். “அந்த ஏஜெண்டு கடுதாசி போட்டு விசாரிச்சுகினே இருக்கான், பாவம்.”

அவர் போனதும் அக்கா மண்வெட்டியை எடுத்தாள். பாத்தி பாத்தியாக அந்த மேல்மண்ணைச் சுரண்டிக் கூடையில் வாரினாள். “அக்கா, இன்னா பண்றே! செடி செத்துடும்!” என்று தடுத்தேன். என் கையைத் தள்ளிவிட்டாள். வாரியதை எல்லாம் ஆற்றில் கொட்டினாள். அதற்குப் பிறகு அவள் ஆற்றைக் கடக்கவே இல்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பட்டு இழை சுற்றும் கூலிக்குப் போனாள். என் வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோறு சாப்பிடவும் ஒப்புக்கொண்டாள். முதல் நாள் அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உங்கள் அம்மா இன்றும் சொல்லுவாள்.

வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு குடம் தண்ணீரை மட்டும் அந்தக் கத்தரிக்கு ஊற்றிவிட்டுப் போவாள். சில செடி இன்னும் உயிரோடு இருந்தன. மாசி வெயிலில் ஆற்றில் ஊற்று தோண்டித்தான் அந்த ஒரு குடமும் கிடைக்கும். அப்படி அவள் குடத்தோடு வந்த ஒரு நாள், நானும் இருந்தேன், ஐயா மறுபடியும் வேலிப் பக்கம் நின்றார். வாடித் தொங்குகிற செடிகளை வரிசையாகப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார், வெறும் மணல். கொஞ்ச நாளாக அக்கா ஆற்றைக் கடந்து போகவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

“எப்படி இருந்த தோட்டம்மா இது” என்றார். குரல் உடைந்தது. “ஆம்பிளை இல்லாத பொம்பிளை, என்னமா பாடுபட்டே. இப்படிக் கருகிப்போச்சே.” கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. பிள்ளைகளே, அது நடிப்பு இல்லை. நான் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தேன். அத்தனையும் நிஜக் கண்ணீர்.

 அவர் குடையை விரித்துக்கொண்டு ஆற்று மணலில் வடக்கே நடந்து மறைகிறவரை அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். பிறகு வேலிக்கு வெளியே போய், அவர் நின்றிருந்த இடத்தில் அந்தக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவிவிட்டாள்.